பேசித் தீர்க்கும் வைத்தியம்: கொடுக்கிற காசுக்குப் பலன் உண்டா?



இந்த மாதம் இனிப்பு நீர் வியாதியைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்கிறேன். காரணம், ஒரு தாயார் கேட்டனுப்பிய கேள்வி. அது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல.

"டிரஸர் ஐயா, என் மகள் கோலாலம்பூரில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். மனசு சரியில்லைன்னு ஒரு வருஷமா வாராவாரம் ஒரு அம்மாகிட்ட போய்ப் பேசிட்டு வர்றா. ஒரு தடவைக்கு 180 வெள்ளி. ஊசி கிடையாது, மருந்து கிடையாது, பேச்சுதான் வைத்தியமாம். இன்னும் ரெண்டு வருஷம் வரணும்னு சொல்லியிருக்காங்க. பேசுறதுக்கா இவ்வளவு காசு? என்கிட்ட பேசினா ஆகாதா?"

நியாயமான கேள்விதான். வருஷத்துக்கு 50 வாரம் என்று வைத்தால் 9,000 வெள்ளி. இன்னும் இரண்டு வருஷத்துக்கு 18,000 வெள்ளி. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு அது பத்தரை மாதச் சம்பளம். பால் வெட்டியும் பழக்குலை சுமந்தும் பிள்ளையைப் படிக்க வைத்த தாய்க்கு வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பேச்சு என்பது உண்மையில் வைத்தியம்தானா? வைத்தியம்தான் என்றால், வருஷக் கணக்கில் போக வேண்டுமா? 180 வெள்ளிக்கு வழியில்லாத தோட்டத்து ஆளுக்கு என்ன வழி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மனச்சோர்வும் ஒரு வியாதியே

"மனச்சோர்வெல்லாம் பட்டணத்து வியாதி, பணக்காரங்க வியாதி" என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டுச் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. 2019-ல் வயது வந்தவர்களில் 100-க்கு 2.3 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023-ல் அது 4.6 ஆனது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர். நான்கே ஆண்டில் இரட்டிப்பு.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இந்த வியாதி தன் சொந்தப் பெயரில் வந்து நிற்பதில்லை. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றில் காற்று, கை கால் அசதி, தூக்கமின்மை என்று மாறு வேடத்தில் வருகிறது. அழுத்தம் பார்த்தால் சரியாக இருக்கும். இரத்தம் சோதித்தால் சரியாக இருக்கும். பெனடோல் வாங்கிப் போனவர் அடுத்த வாரமும் வருவார். மூன்றாவது முறை வரும்போது உட்கார வைத்து, "வீட்டில் எல்லாரும் நலமா?" என்று கேட்டால் அழுகை வரும். இந்த வேலையில் இருக்கிற எவருக்கும் இது தெரியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எந்நாளும் மனம் கனத்திருப்பது, முன்பு பிடித்ததில் பிடிப்பு இல்லாமற் போவது, தூக்கமும் சாப்பாடும் குறைவது அல்லது மிஞ்சுவது, சிறு வேலைக்கும் களைப்பு, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம், செத்தால் தேவலை என்ற நினைப்பு. இவற்றில் பல சேர்ந்து வந்தால் அது சோம்பலும் அல்ல, செய்வினையும் அல்ல. காய்ச்சலைப் போல, எலும்பு முறிவைப் போல, அதுவும் ஒரு வியாதி.

நம்மவர்கள் வெளியே சொல்ல அஞ்சுவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1911-ல் பேராவில் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அன்று முதல் அந்த ஊர்ப் பெயரே நம் வாயில் ஒரு கேலிச் சொல்லாகிவிட்டது. "வாயைத் திறந்தா தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க" என்ற பயம் பாட்டன் காலத்தது. இன்று மனச்சோர்வு கண்டவர்களில் பெரும்பாலோர் எங்கும் படுக்க வேண்டியதில்லை. காலையில் கிளினிக்குக்குப் போய் மத்தியானம் வீடு திரும்புகிற வியாதி அது.

பேச்சு எப்படி மருந்தாகும்?

1880-ஆம் ஆண்டுகளில் வியன்னா நகரத்தில் புரோயர் என்ற டாக்டர் ஒரு வசதியான வீட்டு இளம்பெண்ணுக்கு வைத்தியம் பார்த்தார். தன் துன்பங்களை விரிவாகப் பேசியபோது அவளுக்குச் சில தொல்லைகள் குறைந்தன. "பேச்சு வைத்தியம்" என்று அதற்குப் பெயர் வைத்தவளே அந்தப் பெண்தான். புரோயரின் நண்பர் ஃபிராய்டு இதை ஒரு முறையாக வளர்த்தார். வாரத்தில் ஐந்து, ஆறு நாள், வருஷக் கணக்கில் பேச வேண்டிய முறை அது. பணமும் ஓய்வும் உள்ளவர்களுக்கே அது கட்டுபடியானது. "பேச்சு வைத்தியம் பணக்காரருக்கு" என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

1960-களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பெக் என்ற டாக்டர் வேறு வழி கண்டார். பழைய கதையை எல்லாம் கிளறுவதை விட்டு, நோயாளி இன்று எப்படி நினைக்கிறார், இன்று என்ன செய்கிறார் என்பதைப் பிடித்தார். அதில் பன்னிரண்டு முதல் இருபது சந்திப்புக்குள் வேலை முடியும். இன்று உலகில் அதிகமாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட பேச்சு வைத்தியம் இந்த வகைதான்.

"லயத்து வாசலில் உட்கார்ந்து நாங்களும்தான் பேசுறோம், அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்பீர்கள். வித்தியாசம் உண்டு.

வாசலில் நாம் ஆறுதல் சொல்கிறோம். "எல்லாம் சரியாயிடும், சாமியைக் கும்பிடு" என்கிறோம். கேட்பவர் சொந்தக்காரர், அவருக்கும் ஒரு பக்கம் இருக்கும். மறுநாள் பெரட்டுக்களத்தில் விஷயம் பரவினாலும் பரவும். பயிற்சி பெற்றவர் அப்படிச் செய்ய மாட்டார். அவர் கேட்டதை வெளியில் விடமாட்டார். அவர் முறையோடு நடத்துவார்.

ஓர் உதாரணம். ஒருவர் மனம் சோர்ந்து, கோயில் கூட்டத்துக்கும் போகாமல், பந்தும் விளையாடாமல், வேலை முடிந்ததும் படுத்தே கிடக்கிறார். படுக்கப் படுக்கச் சோர்வு கூடுகிறது. சோர்வு கூடக் கூட இன்னும் படுக்கிறார். செக்கு மாடு போல இதிலேயே சுற்றுகிறார். வைத்தியர் அவரோடு உட்கார்ந்து, எந்த நாள், எந்த நேரம், என்ன செய்தபோது மனம் கொஞ்சம் லேசானது என்று எழுத வைப்பார். அதிலிருந்து ஒரு சிறு வேலையை எடுத்து, "செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு மகனோடு பத்து நிமிஷம் நடங்கள்" என்று நாள் குறித்துக் கொடுப்பார். அடுத்த வாரம் செய்தாரா, எப்படி இருந்தது என்று கேட்பார். செய்யாவிட்டால் திட்ட மாட்டார், எது தடுத்தது என்று பார்ப்பார். இப்படிப் படிப்படியாகச் செக்கிலிருந்து மாட்டை அவிழ்ப்பதுதான் வைத்தியம். பேச்சு அதற்குக் கருவி.

குறுகிய கால வைத்தியம்: ஏழைகள் தந்த சாட்சி

இந்த வைத்தியம் பலன் தரும் என்பதற்குப் பெரிய சாட்சி பணக்கார நாடுகளில் மட்டும் இல்லை. நம்மைப் போன்ற, நம்மைவிடவும் ஏழையான கிராமத்து மக்களிடம் கிடைத்திருக்கிறது.

ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் 30 கிராமங்களில் சோதித்தார்கள். மனச்சோர்வு கண்டவர்கள் சிறு குழுவாக வாரம் ஒரு முறை கூடினார்கள். ஆண்கள் தனி, பெண்கள் தனி. 16 வாரம். நடத்தியவர்கள் டாக்டர்கள் அல்ல, இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். முடிவு 2003-ல் வெளிவந்தது. குழுவில் கலந்துகொண்ட கிராமங்களில் 100-க்கு 6, 7 பேருக்கு மட்டுமே வியாதி நீடித்தது. கலந்துகொள்ளாத கிராமங்களில் 100-க்கு 55 பேருக்கு நீடித்தது.

இந்தியாவில் கோவாவில், அரசாங்கக் கிளினிக்குகளுக்கு வந்த 495 பேரிடம் சோதித்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்கள். மனநலப் படிப்பு எதுவும் படிக்காத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளியை 6 முதல் 8 தடவை சந்திக்க வைத்தார்கள். ஒவ்வொன்றும் அரை மணி, நாற்பது நிமிஷம். மூன்று மாதத்தில் 100-க்கு 64 பேர் வியாதியிலிருந்து மீண்டார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 பேர்தான் மீண்டார்கள். இது 2017-ல் வெளிவந்த கணக்கு.

ஜிம்பாப்வே நாட்டில் கிளினிக் வாசலில் ஒரு மரப் பெஞ்சு. அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. பக்கத்தில் நோயாளி. ஆறு சந்திப்பு. பிரச்சினைகளை எல்லாம் கொட்டச் சொல்லி, அதில் ஒன்றை நோயாளியே தேர்ந்தெடுக்க, அதைத் தீர்க்க வழி தேடுகிறார்கள். 573 பேரிடம் சோதித்துப் பார்த்து 2016-ல் பலன் உண்டென்று நிரூபித்தார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? ஆறிலிருந்து பதினாறு சந்திப்புக்குள் பெரும்பாலோருக்கு நல்ல குணம் தெரியும். நடத்துகிறவர் முறையாகப் பயிற்சி பெற்றவராக இருந்தால் போதும், பெரிய பட்டம் கட்டாயமில்லை. அமெரிக்காவில் 2,400-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பழைய கணக்குகளை 1986-ல் ஒன்று திரட்டிப் பார்த்தபோதும் இதே மாதிரிதான் வந்தது. எட்டாவது சந்திப்புக்குள் பாதிப் பேருக்கு முன்னேற்றம். 26-க்குள் முக்கால்வாசிப் பேருக்கு முன்னேற்றம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் கிடைக்கிற கூடுதல் பலன் சிறுத்துக்கொண்டே போகிறது. வயலுக்கு முதல் மூட்டை உரம் கொடுக்கிற விளைச்சலை ஐந்தாவது மூட்டை கொடுக்காது அல்லவா?

அப்படியானால் நீண்ட வைத்தியம் வீணா?

இல்லை. இங்கேதான் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி நகரில் 326 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். இரண்டு பிரிவுக்குச் சில மாதக் குறுகிய வைத்தியம். மூன்றாவது பிரிவுக்குச் சுமார் மூன்று வருஷ நீண்ட வைத்தியம், சராசரியாக 232 சந்திப்பு. முதல் வருஷத்தில் குறுகிய வைத்தியம் பெற்றவர்களே வேகமாகத் தேறினார்கள். இரண்டாம் வருஷத்தில் இரு தரப்பும் சமம். மூன்றாம் வருஷ முடிவில் நீண்ட வைத்தியம் பெற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். ஆமையும் முயலும் கதை போலத்தான். 2008-ல் இந்த முடிவு வந்தது.

லண்டனில் இன்னொரு சோதனை. 129 பேர். எல்லாரும் பல வருஷமாக மனச்சோர்வில் கிடந்தவர்கள், குறைந்தது இரண்டு வைத்தியமாவது பார்த்துக் குணமாகாதவர்கள். ஒரு பிரிவுக்கு 18 மாதம், 60 சந்திப்பு வரை பேச்சு வைத்தியம் சேர்த்துக் கொடுத்தார்கள். வைத்தியம் முடிந்த அன்று இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 42-ஆம் மாதத்தில் பார்த்தபோது, பேச்சு வைத்தியம் பெற்றவர்களில் 100-க்கு 30 பேர் ஓரளவாவது மீண்டிருந்தார்கள். பெறாதவர்களில் 4 பேர். எல்லாரும் குணமாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கைவிடப்பட்ட நூறு பேரில் முப்பது பேர் எழுந்து நிற்பது சின்ன விஷயமா?

ஆகவே நீண்ட வைத்தியம் யாருக்கு? குறுகிய வைத்தியமும் மருந்தும் முறையாகப் பார்த்தும் தேறாதவர்களுக்கு. வியாதி திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு. சிறு வயதில் அடி, பாலியல் கொடுமை, பெற்றோர் கைவிட்டது போன்ற ஆழமான காயம் உள்ளவர்களுக்கு. யாரையும் நம்ப முடியாமல், எந்த உறவும் நிலைக்காமல், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு. அப்படிப்பட்டவர் தன் காயத்தைப் பற்றி வாய் திறக்கவே ஆறு மாதம் ஆகலாம். அவரிடம் போய் "எட்டு தடவை முடிஞ்சிடுச்சு, இனி வராதே" என்பது, புண்ணைத் திறந்து விட்டுக் கட்டுப் போடாமல் அனுப்புவது போன்றது.

மற்றவர்களுக்கு, குறுகிய வைத்தியத்தில் தொடங்குவதே புத்திசாலித்தனம். தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். முதல் நாளே மூன்று வருஷத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காதில் குரல் கேட்பது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று அஞ்சுவது, தூங்காமலே நாட்கணக்கில் மிதமிஞ்சி உற்சாகமாக இருப்பது, இவை வேறு வகை வியாதிகள். இவற்றுக்கு மருந்துதான் முதல். பேச்சு துணைக்கு வரலாம், மருந்தின் இடத்துக்கு வர முடியாது. கடுமையான மனச்சோர்வுக்கும் மாத்திரையும் பேச்சும் சேர்ந்தால் நல்லது. மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலு நாள் போட்டுவிட்டு "கேட்கல" என்று நிறுத்த வேண்டாம்.

அந்தத் தாய்க்கு என் பதில்

அம்மா, உங்கள் மகளைத் திட்டாதீர்கள். நிறுத்தச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். பெற்றவளிடம் சொல்ல முடியாத விஷயம், அந்நியரிடம் சொல்ல முடிகிறது என்றால் அது உங்கள் பாசத்தின் குறை அல்ல. உங்களுக்கு வலிக்குமே என்று அஞ்சித்தான் பல பிள்ளைகள் தாயிடம் மறைக்கிறார்கள்.

ஆனால் மாதம் 720 வெள்ளி கொடுக்கிறவளுக்குச் சில கேள்விகள் கேட்கும் உரிமை உண்டு. அவளே கேட்கட்டும்.

முதலாவது, "நீங்கள் பதிவு பெற்றவரா?" 1998-ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டப்படி, கவுன்சலர் என்று பெயர் போட்டுத் தொழில் செய்கிறவர் வாரியத்தில் பதிந்து, செல்லுபடியாகும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். காட்டத் தயங்குகிறவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, "எதற்காக இந்த வைத்தியம்? என் குறி என்ன?" ராத்திரி தூங்க வேண்டும், வேலைக்கு ஒழுங்காகப் போக வேண்டும், பயமில்லாமல் பஸ் ஏற வேண்டும் என்று தெளிவாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, "குணமாகிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?" இரத்த அழுத்தத்துக்கு அளவு உண்டு. மனச்சோர்வுக்கும் ஒன்பது கேள்வி கொண்ட ஒரு படிவம் உண்டு, மொத்தம் 27 புள்ளி. பத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். மாதம் ஒரு தடவை அதைப் போட்டுக் குறித்து வைத்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று நம் கண்ணுக்கே தெரியும். ஆறு, எட்டுச் சந்திப்பு ஆகியும் அசையவே இல்லை என்றால், முறையை மாற்ற வேண்டும், அல்லது ஆளை மாற்ற வேண்டும்.

நான்காவது, "இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரலாமா? கட்டணம் குறைப்பீர்களா?" பலர் குறைப்பார்கள். வாய் திறந்து கேட்பதில் வெட்கமில்லை. சில பல்கலைக்கழகங்களின் பயிற்சிக் கிளினிக்குகளில் மேற்பார்வையோடு குறைந்த கட்டணத்தில் பார்க்கிறார்கள்.

ஒரு வருஷத்தில் அவள் நிமிர்ந்திருக்கிறாள், இன்னும் ஆழமான ஒன்றைத் தொட்டிருக்கிறாள் என்றால், வசதி இருக்கும்வரை தொடரட்டும். ஒரு மாற்றமும் இல்லாமல் பழக்க தோஷத்தில் போகிறாள் என்றால், நிறுத்தி வேறு வழி பார்க்கட்டும். எப்படியிருந்தாலும் ஆலோங்கிடம் கடன் வாங்கி, நகையை அடகு வைத்துச் செய்கிற வைத்தியம் மனச்சோர்வைக் குறைக்காது. கடன் கவலையே புது வியாதியாகும்.

தோட்டத்தில் இருப்பவருக்கு என்ன வழி?

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. ஆஸ்பத்திரி நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. முதலில் உங்கள் தோட்டத்து டிரஸரிடம் சொல்லுங்கள். அவர் கடிதம் கொடுப்பார். கிளினிக்கில் டாக்டர் அந்த ஒன்பது கேள்விப் படிவம் போடுவார், இரத்தச் சோகை, தைராய்டு போன்றவை இல்லையா என்றும் பார்ப்பார். தேவையானால் ஆஸ்பத்திரிக்கோ, மென்தாரி என்ற சமூக மனநல மையத்துக்கோ அனுப்புவார். நாட்டில் இப்படிப்பட்ட மையங்கள் முப்பதுக்கும் மேல் உண்டு. தவணை கிடைக்க நாளாகலாம். நீண்ட கால வாராந்திரப் பேச்சு வைத்தியம் அங்கே கிடைப்பது கடினம். ஆனால் மேலே சொன்னபடி பெரும்பாலோருக்கு அது தேவையும் இல்லை. குறுகிய வைத்தியம் கிடைத்தால் போதும். நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களுக்கு அரசாங்கக் கட்டணம் பல மடங்கு அதிகம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சரி, 1 வெள்ளி, 5 வெள்ளிதானே, ஏன் நம் ஆட்கள் பாதியில் நிற்கிறார்கள்?

பெயரும் தோட்டமும் வேண்டாம், ஒரு பால்வெட்டுப் பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். கணவர் இறந்து எட்டு மாதம். தலைவலி என்று வந்துகொண்டேயிருந்தார். கடிதம் கொடுத்து அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் ஆறு, ஏழு தடவை வரச் சொன்னார்கள். மூன்று தடவை போனார், நின்றுவிட்டார். கேட்டேன். "ஐயா, அங்க அஞ்சு வெள்ளிதான். ஆனா அன்னிக்கு வெட்டு போச்சு. வேன் காசு போச்சு. மருத்துவ லீவு தரல, டைம் ஸ்லிப்தான் தந்தாங்க. ஆபீசுல அது செல்லாதுன்னுட்டாங்க" என்றார்.

கணக்கைப் பாருங்கள். 1,700 வெள்ளியை 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி. ஆறு தடவைக்கு 390 வெள்ளி நாள்சம்பளம் போகிறது. கட்டணமோ மொத்தம் 30 வெள்ளிதான். ஆகவே தோட்டத் தொழிலாளிக்குப் பேச்சு வைத்தியத்தின் உண்மையான விலை டாக்டருக்குக் கொடுப்பது அல்ல, இழக்கிற நாள்சம்பளம்.

அந்த அம்மாவின் விஷயத்தில் நம் தோட்டக் கமிட்டித் தலைவர் நிர்வாகத்திடம் பேசினார். மத்தியானத் தவணை வாங்கிக்கொண்டால், காலை வெட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று முடிவாயிற்று. தோட்டத்து வேன் பஸ் நிற்கும் சடக்கு வரை கொண்டு விட்டது. மிச்சச் சந்திப்புகளுக்கு அவர் போய் வந்தார். தலைவலி முற்றாக விட்டதென்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி தூங்குகிறார். பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போகிறார். பெனடோலுக்கு வருவதில்லை.

சங்கம் செய்யக் கூடியது

இது ஒரு டிரஸரின் யோசனைதான். தலைவர்கள் பரிசீலிக்கட்டும்.

ஒன்று. 1955-ஆம் ஆண்டுத் தொழில் சட்டப்படி, வேலையாண்டுக்கு ஏற்ப வருஷத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. டாக்டர் எம்.சி. கொடுத்தால் காய்ச்சலுக்கும் மனச்சோர்வுக்கும் சட்டத்தில் வித்தியாசம் இல்லை. சிக்கல் டைம் ஸ்லிப்பில்தான். நிபுணர் கிளினிக் தவணைக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் வெட்டக் கூடாது என்பதை அடுத்த ஒப்பந்தப் பேச்சில் ஒரு கோரிக்கையாக வைக்கலாம். இனிப்பு நீர், இருதய நோயாளிகளுக்கும் இதனால் நன்மை.

இரண்டு. உகாண்டா கிராமத்தில் முடிந்தது நம் தோட்ட மண்டபத்தில் முடியாதா? டிரஸர்களுக்கும், ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு மகளிர் பிரிவுத் தோழியருக்கும் முறையான பயிற்சி கொடுக்க அரசாங்க மனநலப் பகுதியைக் கேட்கலாம். வாரம் ஒரு சாயந்திரம், பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம். யாருக்கும் நாள்சம்பளம் போகாது.

மூன்று. நிர்வாகத்துக்கும் இதில் லாபம் உண்டு என்று எடுத்துச் சொல்லலாம். மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் வைத்தியத்துக்குப் போடும் ஒவ்வொரு 1 டாலருக்கும் 4 டாலர் பலன் திரும்பும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016-ல் கணக்குக் காட்டியது. அதில் பெரும் பங்கு வேலைக்கு ஒழுங்காக வருவதாலும் வேலை நன்றாக நடப்பதாலும் வருவது. லாபம் முதலாளிக்கும் போகிறது என்றால் செலவில் அவர் பங்கு கேட்பது நியாயம்தானே?

வைத்தியமே வேண்டாம் என்று விடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை நாம் மறக்கக் கூடாது. சம்சுக் கடையில் போகிற காசு, வாராவாரம் தனியார் கிளினிக்கில் போடும் சத்து ஊசி, பரிகாரம் என்ற பெயரில் ஆயிரக் கணக்கில் வாங்குகிற மந்திரவாதி, வராத நாட்களின் சம்பளம், பள்ளியை விட்டு நிற்கிற பிள்ளை. இவற்றை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கோயிலுக்குப் போவதையும் நேர்த்தி வைப்பதையும் நான் தடுக்கவில்லை. மனத்துக்கு அது பலம். வைத்தியத்தோடு சேர்த்துச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அவசரத்துக்கு

யாராவது "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொன்னாலோ, தன் சாமான்களைப் பிறருக்குக் கொடுத்து விடைபெறுவது போலப் பேசினாலோ, அலட்சியம் வேண்டாம். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பாரம்தான் குறையும். தனியே விடாதீர்கள். களைக்கொல்லி ஸ்டோரின் சாவி பொறுப்பான ஒருவரிடம் இருக்கட்டும். எந்த மருந்தையும் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

போலீசுக்குப் போய்விடுமோ என்ற பயமும் இனி வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது. அப்படி முயன்றவர் இன்று நோயாளி, குற்றவாளி அல்ல.

பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 24 மணி நேரமும்: 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி: 15555. தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கமிட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டி வையுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த மாதம் இனிப்பு நீரைப் பற்றிப் பார்ப்போம்.